ஆவி அழுத்தம் சரியாக வரவில்லையா? அறிகுறியிலிருந்து பிழைக்குப் போகும் வழி

மூடிய இடத்தில் திரவத்தோடு சமநிலையில் நிற்கும் அதன் ஆவி தரும் அழுத்தமே ஆவி அழுத்தம். சுத்தமான ஒரு திரவத்துக்கு அது வெப்பநிலையை மட்டும்தான் பொறுத்தது. குடுவையில் 5 மில்லி ஊற்றினாலும் 50 மில்லி ஊற்றினாலும், மேலே உள்ள காலியிடம் சிறியதோ பெரியதோ, பத்து நிமிடம் காத்திருந்தாலும் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும், சமநிலை வந்த பிறகு எண் ஒன்றுதான். உள்ளே திரவமும் ஆவியும் இரண்டும் இருந்தால் போதும்.

பிழை தேடும்போது இதைவிடப் பெரிய துணை வேறில்லை. உங்கள் ரீடிங் வெப்பநிலையைத் தவிர வேறு எதோடாவது சேர்ந்து மாறுகிறதா என்று பாருங்கள். நேரத்தோடு மாறினால் ஒரு காரணம், காலியிடத்தோடு மாறினால் இன்னொரு காரணம், வாயு ஓடும் வேகத்தோடு மாறினால் வேறொன்று. எதோடு மாறுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் கீழே எல்லாவற்றையும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வந்திருக்கும் சிக்கலுக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: தண்ணீரை அளந்து பாருங்கள்

மாதிரியோடு மல்லுக்கட்டும் முன் அதே கருவியில், அதே கையால், காய்ச்சி வடித்த நீரை அளந்து பாருங்கள். நீரின் ஆவி அழுத்தம் மிக நன்றாகத் தெரிந்த ஒன்று. 20°செ-இல் 17.5, 25-இல் 23.8, 30-இல் 31.8, 40-இல் 55.3, 50-இல் 92.5, 60-இல் 149.4, 80-இல் 355.1, 100-இல் 760. எல்லாம் மிமீ பாதரசத்தில். இந்தக் கட்டுரை முழுதும் அழுத்தத்தை மிமீ என்றே சொல்கிறேன். 1 மிமீ என்பது சுமார் 133.3 பாஸ்கல்.

தண்ணீரே தப்பாக வந்தால் கோளாறு கருவியிலோ செய்முறையிலோ இருக்கிறது. தண்ணீர் சரியாக வந்து மாதிரி மட்டும் முரண்டு பிடித்தால் மாதிரியின் தூய்மையைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்கு ஒரு மதியம் போகும். அதைத் தவிர்த்தால் ஒரு வாரம் போகும்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 25°செ-இல் நீரின் ஆவி அழுத்தம் ஒரு டிகிரிக்கு சுமார் 6% ஏறுகிறது. ஆகவே உங்கள் விடை 1%-க்குள் சரியாக இருக்க வேண்டுமானால் வெப்பநிலை 0.15 டிகிரிக்குள் தெரிந்திருக்க வேண்டும். அழுத்தமானியைப் பற்றிக் கவலைப்படும் பலர் தெர்மாமீட்டரைச் சந்தேகிப்பதே இல்லை. உண்மையில் பாதிப் பிழைகள் அங்கேதான் இருக்கின்றன.

கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. மாதிரியை மூடிய கலத்தில் வைத்து நேரடியாக அழுத்தமானியில் படிப்பது நிலை முறை. அதன் ஒரு வடிவம்தான் ஐசோடெனிஸ்கோப். ஸ்மித், மென்சீஸ் என்ற இருவர் 1910-இல் வெளியிட்டது. மாதிரி உள்ள சிறு குமிழோடு ஒட்டினாற்போல ஒரு யு-குழாய் இருக்கும், அதிலும் அதே திரவம். மொத்தமும் நீர்த்தொட்டிக்குள். வெளியே இருக்கும் அழுத்தத்தை மெல்ல மாற்றி யு-குழாயின் இரு கைகளும் சமமாக நிற்கும்படி செய்தால், அந்த வெளி அழுத்தமே ஆவி அழுத்தம். இதற்கு மாறாக, அழுத்தத்தை நாம் நிர்ணயித்துவிட்டுத் திரவத்தைக் கொதிக்கவைத்து வெப்பநிலையைப் படிப்பது கொதிநிலை முறை. பின்னால் வரும் ராம்சே–யங் முறையும், எபுலியோமீட்டர் என்ற கொதிநிலை அளக்கும் கருவியும் இந்த வகை. மிகக் குறைந்த ஆவி அழுத்தத்துக்கு, ஒரு மந்த வாயுவை மாதிரியின் மேல் ஓட்டி அது சுமந்து செல்லும் ஆவியை எடைபோடும் முறை இருக்கிறது.

அறிகுறி: ரீடிங் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது

தொட்டியின் வெப்பநிலை அசையாமல் இருக்கிறது, அழுத்தம் மட்டும் மெதுவாக ஏறுகிறது. எல்லோருடைய வாயிலும் முதலில் வரும் வார்த்தை கசிவு. கசிவாகவும் இருக்கலாம். ஆனால் சுவர்களிலும், இணைப்புகளில் பூசிய கிரீஸிலும் ஒட்டியிருக்கும் பழைய ஆவி மெல்ல வெளியேறினாலும் இதேபோலத்தான் ஏறும். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது.

மாதிரியை எடுத்துவிட்டு, அல்லது ஸ்டாப்காக்கை (குழாயைத் திறந்து மூடும் திருகை) மூடி மாதிரியைத் தனிமைப்படுத்திவிட்டு, மீதி அமைப்பை முழுதாகப் பம்ப் செய்யுங்கள். பம்பை மூடுங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தைக் குறித்து 20 நிமிடம் எழுதுங்கள். கிராஃப் போட்டால், கசிவு நேர்கோடாக வரும். வெளிக்காற்று எப்போதும் ஒரே வேகத்தில் உள்ளே வருகிறது. ஒட்டியிருந்த ஆவி வெளியேறுவதாக இருந்தால் முதலில் வேகமாக ஏறி, அப்புறம் வளைந்து, ஒரு மட்டத்தில் படியும். இரண்டும் சேர்ந்திருந்தால் முதலில் வளைவு, பிறகு சாய்ந்த நேர்கோடு.

கசிவு என்று தெரிந்தால் ஸ்டாப்காக்குகளைப் பயன்படுத்தி அமைப்பைப் பாதி பாதியாகப் பிரித்து இதையே திரும்பச் செய்யுங்கள். எந்தப் பாதியில் கோடு ஏறுகிறதோ அதை மறுபடி பிரியுங்கள். ஒவ்வோர் இணைப்பிலும் விரலை வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டே போவதைவிட இது வேகமானது. கிரீஸ் பூசிய இணைப்பைப் பக்கவாட்டில் வெளிச்சத்தில் பாருங்கள்: முழுக்கத் தெளிவாக இருந்தால் நல்லது, மங்கலான கோடுகள் ஓடினால் காற்று போகும் வழி அதுதான். ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். நான் ஒரு முறை இரண்டு நாள் தேடிய கசிவு, மானோமீட்டருக்கும் (திரவ மட்டங்களின் உயர வித்தியாசத்தால் அளக்கும் அழுத்தமானி) நடுவே இருந்த பெரிய பாட்டிலுக்கும் இடையில் ஒரு பழைய ரப்பர் குழாயில் இருந்தது. நேராகக் கிடந்தபோது கசியவில்லை; வளைந்தால் மட்டும் ஒரு வெடிப்பு திறந்துகொண்டது. அன்றிலிருந்து ரப்பர் குழாயைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கேள்வி கேட்காமல் மாற்றிவிடுகிறேன்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஹெக்சேன், டொலுயீன் போன்றவை ஹைட்ரோகார்பன் கிரீஸை மெல்லக் கரைத்துவிடும். நேற்று அளந்த திரவத்தைக் கிரீஸ் குடித்து வைத்திருந்து இன்று வெளியே விடும். நேற்று ஈதர், இன்று தண்ணீர் என்றால் தண்ணீரின் அழுத்தம் கூடுதலாகத் தெரியும். முடிந்த இடத்திலெல்லாம் டெஃப்லான் வால்வு போடுவது நல்லது.

கசிவும் இல்லை, கிரீஸும் இல்லை, இருந்தும் ஏறுகிறதா? தொட்டி சூடாகிவிட்டது, மாதிரி இன்னும் ஆகவில்லை என்பது ஒரு வாய்ப்பு. அப்படியானால் ஏற்றம் சில நிமிடங்களில் தானாக நிற்கும். நிற்காமல், வெப்பநிலை கூடக் கூட ஏறும் வேகமும் கூடுகிறது என்றால், திரவம் சிதைந்து வாயு வெளிவருகிறது. சோதித்துப் பார்க்க மாதிரியைக் குளிரவைத்து, முதலில் அளந்த குறைந்த வெப்பநிலைக்கே திரும்புங்கள். அங்கே இப்போது அழுத்தம் முன்பைவிட அதிகமாக இருந்தால், உள்ளே புதிதாக ஏதோ உண்டாகிவிட்டது. அந்த மாதிரிக்கு நிலை முறை பொருந்தாது.

அறிகுறி: எல்லா ரீடிங்கும் அதிகம், குறைந்த வெப்பநிலையில்தான் மோசம்

இதுதான் எல்லாவற்றிலும் அடிக்கடி வருவது. காரணம் காற்று: திரவத்தில் கரைந்திருந்தது, அல்லது காலியிடத்தில் மிஞ்சியிருப்பது. மானோமீட்டருக்கு ஆவி எது, காற்று எது என்று தெரியாது. இரண்டையும் கூட்டித்தான் காட்டும்.

காற்றின் கைரேகை மிகத் தெளிவானது. ஆவி அழுத்தம் வெப்பநிலையோடு பல மடங்காக ஏறும். அடைபட்ட காற்றின் அழுத்தமோ கெல்வின் வெப்பநிலையின் விகிதத்தில் சிறிதளவே ஏறும். ஆகவே சூடு குறைவாக இருக்கும் இடத்தில் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும், சூடு ஏற ஏற அது ஆவிக்குள் மூழ்கிவிடும். அழுத்தத்தின் இயல் மடக்கையை, கெல்வினில் எடுத்த வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். காற்று இருந்தால் குறைந்த வெப்பநிலைப் பக்கம் அந்தக் கோடு மேல்நோக்கி வளையும்.

எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்கு. நீரை 25°செ-இலும் 60°செ-இலும் அளக்கிறீர்கள். உண்மை மதிப்புகள் 23.8, 149.4. இவற்றிலிருந்து, மேலே சொன்ன நேர்கோட்டின் சாய்வை ஆவியாதல் வெப்பத்தோடு இணைக்கும் கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாட்டால் கிடைக்கும் ஆவியாதல் வெப்பம் மோலுக்குச் சுமார் 43.4 கிலோஜூல். இப்போது 25 டிகிரியில் 5 மிமீ காற்று மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 60 டிகிரியில் அது 5.6 மிமீ ஆகும். உங்கள் ரீடிங்குகள் 28.8, 155.0. கணக்கிட்டால் விடை 39.7 கிலோஜூல். 60 டிகிரியில் 4% கூட இல்லாத பிழை, இறுதி விடையை 8% கெடுத்துவிட்டது. ஆவியாதல் வெப்பம் குறைவாக வந்தால் நான் முதலில் காற்றைத்தான் சந்தேகிப்பேன்.

காற்றுதானா என்று உறுதி செய்ய, காலியிடத்தை மாற்றிப் பாருங்கள். ஸ்டாப்காக்குக்கு அப்பால் பம்ப் செய்த இன்னொரு காலிக் குமிழ் இருந்தால், அதைத் திறந்து விடுங்கள். சமநிலை வந்தபின் சுத்தமான ஆவியின் அழுத்தம் மாறாது. காற்றின் பங்கு மட்டும் இடம் இரட்டிப்பானால் பாதியாகக் குறையும். இறங்கிய அளவை இரண்டால் பெருக்கினால் முதலில் இருந்த காற்று எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இனி விரட்டும் வழி. ஐசோடெனிஸ்கோப்பில், வெளி அழுத்தத்தை மெல்லக் குறைத்துத் திரவம் மிதமாகக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆவி யு-குழாய் வழியாகக் குமிழ் குமிழாக வெளியேறும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மூன்று நான்கு நிமிடம் விடுங்கள். பிறகு காற்றை மிக மிக மெதுவாக உள்ளே விட்டு, இரு கைகளையும் சமமாக்கிப் படியுங்கள். மறுபடி ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மறுபடி படியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ரீடிங்குகள் ஒத்துப்போகும் வரை இதைச் செய்ய வேண்டும். ஒரு முறை செய்தால் போதும் என்று எண்ணி நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு.

மெதுவாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காற்றை வேகமாகத் திறந்துவிட்டால் யு-குழாயின் திரவம் தள்ளப்பட்டு ஒரு குமிழ் காற்று உள்ளே போய்விடும். ஒரே ஒரு குமிழ்தானே என்று விட்டுவிடாதீர்கள். அவ்வளவு நேரம் விரட்டியது வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காற்று விடும் குழாயின் நுனியை நுண்துளையாக இழுத்து வைத்தால் இந்த விபத்து பெரும்பாலும் வராது.

மூடிய கலத்தில் அளப்பவர்கள் மாதிரியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்ப் செய்து, மூடி, உருகவிட்டு, மறுபடி உறையவைப்பார்கள். மூன்று சுற்று பொதுவாகப் போதும். இரண்டு ஆபத்துகள் மட்டும் நினைவில் இருக்கட்டும். தண்ணீர் உறையும்போது சுமார் 9% பெருக்கும், மெல்லிய கண்ணாடிக் கலம் உடையும். இன்னொன்று, திரவ நைட்ரஜனில் அமிழ்ந்த குழாய்க்குள் வெளிக்காற்று ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஆக்சிஜன் திரவமாகிவிடும். நைட்ரஜன் −196°செ, ஆக்சிஜன் கொதிப்பது −183°செ. உள்ளே வெளிர்நீல நிறத் திரவம் தெரிந்தால், அதுவும் பக்கத்தில் கரிமக் கரைப்பான் இருந்தால், வெடிக்கக்கூடிய நிலை அது. கலத்தை மூடாதீர்கள், நைட்ரஜனை எடுக்காதீர்கள், விலகி நின்று பொறுப்பானவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: காற்றை விரட்ட விரட்ட ரீடிங் இறங்கிக்கொண்டே போகிறது

காற்றாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றில் ரீடிங் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். பத்தாவது சுற்றிலும் இறங்குகிறது என்றால் திரவம் சுத்தமாக இல்லை. எளிதில் ஆவியாகும் ஓர் அசுத்தம் உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதில் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கிறது.

அசுத்தத்தில் எது ஆபத்து என்று ராவுல்ட் விதியை வைத்து யோசித்துப் பாருங்கள்: கலவையில் ஒவ்வொரு பொருளும் தன் மோல் பங்குக்கு ஏற்ற அளவு ஆவி அழுத்தம் தரும் என்பது அந்த விதி. ஆவியாகாத உப்போ பிசினோ 1 மோல் சதவீதம் இருந்தால் ஆவி அழுத்தம் ஏறக்குறைய 1% குறையும், அவ்வளவுதான். ஆனால் எத்தனாலில் 1 மோல் சதவீதம் டைஎத்தில் ஈதர் இருந்தால்? 25°செ-இல் எத்தனால் சுமார் 59 மிமீ, ஈதர் சுமார் 530 மிமீ. விதிப்படி பார்த்தாலே மொத்தம் 63.7 மிமீ, அதாவது 8% அதிகம். நடைமுறையில் இன்னும் கூடும். கொதிநிலை குறைந்த அசுத்தம் சிறிதளவே இருந்தாலும் குரலை உயர்த்திப் பேசும்.

இதற்கும் காலியிடச் சோதனை உதவும். காலியிடத்தைப் பெரிதாக்கினால் இங்கேயும் அழுத்தம் குறையும், ஆனால் காற்றைப்போலப் பாதியாகக் குறையாது. காரணம், போன அசுத்தத்தின் இடத்தைத் திரவத்தில் இருக்கும் மிச்சம் ஓரளவு நிரப்பிவிடும். மாதிரியைத் திரும்பக் காய்ச்சி வடித்து, முதலில் வரும் பகுதியைத் தள்ளி, நடுப்பகுதியை மட்டும் எடுத்து அளப்பதே தீர்வு. ஈரம் இழுக்கும் திரவங்களை நீரை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் ஓர் இரவு வைத்திருங்கள். சாதாரண வடித்தலால் எத்தனாலில் உள்ள கடைசி நீர் போகாது, எடையில் 95.6% எத்தனால் என்ற அளவில் இரண்டும் ஒன்றாகவே கொதிக்கும்.

பெட்ரோல் போன்ற கலவைகளுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அங்கே ஆவி அழுத்தம் காலியிடத்தையும் பொறுத்தது. காற்றை விரட்டினால் மாதிரியே மாறிவிடும். அதனால்தான் பெட்ரோலுக்கான ரீட் முறையில் காற்றை விரட்டுவதில்லை: மாதிரியைக் குளிர்வித்துக் காற்றால் நிறைவுசெய்து, ஆவிக்கு நான்கு பங்கும் திரவத்துக்கு ஒரு பங்கும் இடம் கொடுத்து, 37.8°செ-இல் அளக்கிறார்கள். அந்த எண்ணை உண்மையான ஆவி அழுத்தத்தோடு ஒப்பிட்டு, பிழை என்று குழம்பாதீர்கள்.

அறிகுறி: சூடு ஏற்றினாலும் ஓர் அளவுக்கு மேல் அழுத்தம் ஏற மறுக்கிறது

குறைந்த வெப்பநிலையில் எல்லாம் அழகாக வந்தது. தொட்டி அறை வெப்பநிலையைத் தாண்டியதும் புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழத் தொடங்கின. அப்படியானால் அழுத்தமானியைத் தொடாதீர்கள். கலத்திலிருந்து அழுத்தமானி வரை போகும் குழாயை ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே எங்காவது சின்னச் சின்னத் துளிகள் இருக்கும்.

மூடிய அமைப்பில் ஆவி எங்கே மிகக் குளிராக இருக்கிறதோ அங்கே போய்த் திரவமாகும். அழுத்தமும் கடைசியில் அந்தக் குளிர்ந்த இடத்தின் ஆவி அழுத்தத்துக்கே இறங்கப் பார்க்கும். தொட்டியில் 60°செ-இல் தண்ணீர் இருக்கிறது, குழாய் அறையின் 30°செ-இல் இருக்கிறது என்றால், நீங்கள் எதிர்பார்ப்பது 149.4, கருவி நகர்ந்துகொண்டிருப்பது 31.8-ஐ நோக்கி. நடுவில் எங்கே நிற்கும் என்பது குழாயின் நீளம், அகலம், மாதிரி ஆவியாகும் வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால்தான் இந்தப் பிழை நாளுக்கு நாள் வேறு வேறு எண் காட்டும்.

மருந்து எளிது. கலத்திலிருந்து அழுத்தமானியின் சவ்வு வரை எல்லா இடமும் மாதிரியைவிடச் சில டிகிரி கூடுதல் சூட்டில் இருக்க வேண்டும். சூடேற்றும் நாடாவைச் சுற்றுங்கள். வால்வும் இணைப்பும் வரும் இடத்தில் நாடா மெலிந்துவிடாமல் பாருங்கள், குளிர்ந்த புள்ளி எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். சூட்டில் வேலை செய்யும்படி செய்த அழுத்தமானியாக இருக்க வேண்டும். இது எதுவும் முடியாதென்றால் ஐசோடெனிஸ்கோப்புக்கு மாறிவிடுங்கள். அதன் பெரிய அழகே இதுதான்: ஆவி முழுவதும் தொட்டிக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது, வெளியே இருப்பது வெறும் காற்று. குமிழும் யு-குழாயும் தொட்டி நீரில் முழுதாக மூழ்கியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கொதிநிலை முறையில் தெர்மாமீட்டர் குதிக்கிறது, வெப்பநிலை அதிகமாக வருகிறது

திரவம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்து, திடீரென்று தூக்கிப் போடுகிறதா? அது மிகைச்சூடு. கொதிக்க வேண்டிய வெப்பநிலையைத் தாண்டியும் குமிழ் பிறக்க இடம் கிடைக்காமல் திரவம் சூடேறியிருக்கிறது. கொதிகற்களைப் போட்டிருக்கிறேனே என்பீர்கள். ஒரு முறை கொதித்து ஆறிய கல்லின் துளைகளில் திரவம் நிரம்பிவிடும், அது மறுமுறைக்கு உதவாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் கல் வேண்டும். சூடான திரவத்தில் மட்டும் போடவே கூடாது. மொத்தமும் பொங்கி மேலே வரும். வெற்றிடத்தில் காந்தக் கலக்கியே நம்பகமானது.

திரவத்தின் ஆழமும் ஏமாற்றும். 5 செமீ ஆழத் தண்ணீரின் அடியில் 3.7 மிமீ கூடுதல் அழுத்தம். 760 மிமீ-இல் கொதிக்கும்போது அது ஒன்றுமில்லை. 20 மிமீ-இல் கொதிக்கவைத்தால் மேற்பரப்பு சுமார் 22°செ, அடிப்பகுதி 25°செ. தெர்மாமீட்டரின் குமிழைத் திரவத்துக்குள் விட்டால் எந்த ஆழத்தின் வெப்பநிலையைப் படிக்கிறீர்கள் என்றே தெரியாது. ராம்சேயும் யங்கும் 1880-களில் இதைச் சுற்றிப் போக வழி கண்டார்கள்: தெர்மாமீட்டரின் குமிழில் பஞ்சைச் சுற்றி, அதன் மேல் திரவத்தைச் சொட்டவிட்டார்கள். பஞ்சின் மேல் உள்ள மெல்லிய படலத்தில் ஆழமும் இல்லை, மிகைச்சூடும் இல்லை. இந்த முறையில் வெப்பநிலை திடீரென்று ஏறினால் பஞ்சு காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சொட்டும் வேகத்தைக் கூட்டுங்கள், வெளிச்சூட்டைக் குறையுங்கள். சொட்டும் வேகத்தைச் சற்று மாற்றியும் வெப்பநிலை மாறவில்லை என்றால் அந்த ரீடிங்கை நம்பலாம்.

அறிகுறி: எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி விலகியிருக்கிறது

நல்ல நேர்கோடு வருகிறது, ஆனால் உண்மைக் கோட்டோடு சேரவில்லை. விலகலை இரண்டு விதமாக எழுதிப் பாருங்கள்: முதலில் மிமீ-இல், பிறகு டிகிரியில். தண்ணீருக்கு 25-இல் 24.5-உம், 60-இல் 152.9-உம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிமீ-இல் விலகல் 0.7, 3.5; ஒற்றுமை இல்லை. அட்டவணையில் தேடினால் 24.5 மிமீ என்பது 25.5 டிகிரிக்கு உரியது, 152.9 என்பது 60.5-க்கு உரியது. இரண்டிலும் அதே அரை டிகிரி. தெர்மாமீட்டர்தான் குற்றவாளி. மாறாக, மிமீ விலகல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் அழுத்தமானியின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறது, அல்லது வளிமண்டல அழுத்தத்தைத் தப்பாக எடுத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடைசிப் பிழையை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு முனை வெளிக்காற்றுக்குத் திறந்த மானோமீட்டரில் வளிமண்டல அழுத்தத்திலிருந்து உயர வித்தியாசத்தைக் கழிக்கிறோம். அந்த வளிமண்டல அழுத்தத்தை வானிலை அறிக்கையிலிருந்து எடுத்தால் அது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண்! கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் உள்ள ஆய்வகத்தில் உண்மையான அழுத்தம் 716 மிமீ அளவில் இருக்கும். 44 மிமீ காணாமல் போகிறது. ஆய்வகத்திலேயே ஒரு பாரோமீட்டர் இருக்க வேண்டும். பாதரச பாரோமீட்டராக இருந்தால் அதன் வெப்பநிலைத் திருத்தத்தையும் செய்யுங்கள். 25°செ-இல் 760-ஐச் சுற்றி அது சுமார் 3 மிமீ.

தெர்மாமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் திருத்தம் உண்டு. முழுதாக மூழ்க வேண்டிய பாதரசத் தெர்மாமீட்டர் 100 டிகிரி காட்டும்போது 60 டிகிரி நீளம் 30°செ காற்றில் நின்றால், 0.00016 × 60 × 70, அதாவது சுமார் 0.7 டிகிரி குறைவாகக் காட்டும். நீரின் கொதிநிலை அருகே அது 18 மிமீ-க்குச் சமம்.

அறிகுறி: சூடேற்றும்போது ஒரு கோடு, ஆறும்போது வேறு கோடு

தெர்மாமீட்டர் தொட்டியின் வெப்பநிலையைச் சொல்கிறது, அழுத்தம் மாதிரியின் வெப்பநிலையைச் சொல்கிறது. இரண்டும் ஒன்றாகும் வரை நீங்கள் காத்திருக்கவில்லை. தொட்டியைக் கலக்குங்கள், ஒவ்வொரு புள்ளியிலும் பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கவிடுங்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் அளந்து பாருங்கள். நின்ற பிறகும் ஆறும் கோடு மேலே இருந்தால் கசிவு அல்லது சிதைவு. ரீடிங் ஏறிக்கொண்டே போகும் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: மிகக் குறைந்த அழுத்தத்தில் இரண்டு அழுத்தமானிகள் இரண்டு எண் சொல்கின்றன

மெக்லியாட் அழுத்தமானி வாயுவை நசுக்கி அளக்கும் கருவி. ஆவியை நசுக்கினால் அது திரவமாகி மறைந்துவிடும், ரீடிங் குறைவாக வரும். பிரானி அழுத்தமானி வாயுவின் வெப்பக் கடத்தலை அளப்பது. நைட்ரஜனுக்குத் திருத்தியமைத்த பிரானி உங்கள் ஆவிக்கு வேறு எண்தான் சொல்லும். சவ்வின் வளைவை அளக்கும் கபாசிட்டன்ஸ் அழுத்தமானிக்கு எந்த வாயு என்பது பொருட்டில்லை. ஆவி அழுத்தத்துக்கு அதையே நம்புங்கள், பூஜ்யத்தை மட்டும் தினமும் பாருங்கள்.

அறிகுறி: வாயு ஓட்டும் முறையில் விடை ஓட்ட வேகத்தோடு மாறுகிறது

வேகத்தை மூன்று நான்கு அளவுகளில் வைத்து அளந்து கிராஃப் போடுங்கள். வேகம் கூடக் கூட அழுத்தம் குறைந்தால் வாயு ஆவியால் நிறையும் முன்பே வெளியேறுகிறது. மிக மெதுவான வேகத்தில் அழுத்தம் ஏறினால், ஓட்டத்தோடு சேராமல் ஆவி தானாகவே பரவிப் பொறிக்கு (ஆவியைப் பிடித்து எடைபோடும் கலத்துக்கு) போகிறது. நடுவில் ஒரு சமவெளி இருக்கும். அங்கே அளப்பதுதான் சரி. சமவெளியே இல்லையென்றால் மாதிரி பரப்பிய தளம் போதவில்லை: கண்ணாடி மணிகளில் மாதிரியைப் பூசி நீளமான குழாயில் நிரப்புங்கள். வேகம் கூடும்போது அழுத்தமும் கூடினால் திரவத் துளிகளே பறந்து போகின்றன. வெளியேறும் வாயில் கண்ணாடிப் பஞ்சு வையுங்கள்.

பொறிக்குப் பின்னால் இன்னொரு பொறியை எப்போதும் வைத்திருங்கள். இரண்டாவதில் ஏதாவது மாட்டியிருந்தால் முதலாவது நிரம்பி வழிந்திருக்கிறது, அந்த ஓட்டத்தை ஒதுக்கிவிடலாம். கணக்கில் ஓர் இடத்தில் பலர் வழுக்குகிறார்கள்: வாயுவின் கனஅளவை எந்த வெப்பநிலையில் அளந்தீர்களோ அதையே, பிடித்த ஆவியின் எடையை அழுத்தமாக மாற்றும் வாயுச் சமன்பாட்டில் போட வேண்டும். மாதிரி 60°செ-இல் இருந்து, ஓட்டமானி 25°செ-இல் இருந்து, நீங்கள் 60-ஐப் போட்டால் விடை 12% அதிகமாக வரும். அது வேகத்தோடு மாறாது, நேரத்தோடும் மாறாது. தண்ணீரை வைத்து அளந்தால் மட்டும்தான் வெளியே தெரியும்.